இறந்த காலத்தைக் காட்டும் கருவி

காஞ்சிபுரத்துக்கு வருபவர்கள் வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றைத் தவறாமல் பார்க்க வேண்டும். பல்லவர் வரலாறு அங்கே சுவரில் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசின்றி இறந்ததும், பெரியவர்கள் கூடிச் சென்று பல்லவர் குலத்தின் வேறொரு கிளையைச் சேர்ந்த இரணியவர்மனிடம் ஓர் அரசனைத் தருமாறு வேண்டியதும், அவனுடைய இளம் மகன் காஞ்சிக்கு வந்து முடிசூடியதும் அங்கே சொல்லப்படுகின்றன. கல்வெட்டு விளக்கமும் உடன் உண்டு. இக்கோயிலைக் கட்டுவித்தவன் யார் தெரியுமா? அந்த இளைஞனேதான். அவன் பெயர் இரண்டாம் நந்திவர்மன். முந்தைய அரசனுக்கு மகனாகப் பிறவாத அவனுக்குத் தன் உரிமையை ஊரறியச் சொல்ல வேண்டிய தேவை இருந்தது.

இதே ஊரின் மேற்கில் உள்ள கைலாசநாதர் கோயிலில் அதே 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கன்னடக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதைப் பொறிக்கச் செய்தவன் பல்லவரின் பகைவனான சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன். தான் காஞ்சியைக் கைப்பற்றியதையும், கோயிலின் செல்வத்தைக் கண்டு அதை இறைவனுக்கே விட்டுவிட்டதையும் அதில் கூறுகிறான்.

ஒரே ஊர்; ஒரே நூற்றாண்டு; வரலாறு சொல்வோர் இருவர். இருவருமே அரசர்கள். அவர்கள் சொல்லாமல் விட்டது என்ன? அக்காலத்தை நேரில் பார்க்க ஒரு கருவி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இந்த ஆசையிலிருந்து பிறந்த விஞ்ஞானக் கதைகள் பல. அமெரிக்க எழுத்தாளர் ஐசக் அசிமாவ் 1956-இல் வெளியிட்ட 'தி டெட் பாஸ்ட்' அவற்றுள் ஒன்று. பாட்டர்லி என்ற வரலாற்றுப் பேராசிரியருக்குக் கார்த்தேஜ் என்னும் பழைய நகரத்தின்மீது பற்று. அந்நகர மக்கள் குழந்தைகளைப் பலியிட்டார்கள் என்பது பகைவர்கள் கட்டிய கதை என்று நிரூபிக்க விரும்புகிறார். கடந்த காலத்தைக் காட்டும் கருவி அரசின் வசம் இருக்கிறது. அதைப் பயன்படுத்த அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. இளம் பௌதிக அறிஞர் ஒருவரின் துணையுடன் இரகசியமாக முயல்கிறார். முடிவில் இரண்டு உண்மைகள் தெரியவருகின்றன. முதலாவது, நெடுந்தொலைவிலுள்ள காலத்திலிருந்து வரும் சைகை இரைச்சலில் மறைந்துவிடுகிறது. நூறு ஆண்டுகளுக்குச் சற்று அப்பால் எதுவுமே தெரியாது. இரண்டாவது, கடந்த காலம் என்பது ஒரு விநாடிக்கு முன்பே தொடங்கிவிடுகிறது! ஆகவே அக்கருவியைக் கொண்டு யாரும் யாரையும் வேவு பார்க்கலாம். அரசு அதை மறைத்து வைத்திருந்ததன் காரணம் இதுவே.

நம் நாட்டு வானியற்பியல் அறிஞர் ஜெயந்த் நார்லிகர் (1938–2025) வேறொரு வழியில் சென்றார். 1761-இல் நடந்த மூன்றாம் பானிபட் போரில் விசுவாசராவ் குண்டு பட்டு இறந்தார், மராட்டியர் தோற்றனர். அந்தக் குண்டு சற்றே விலகிப் போயிருந்தால்? நார்லிகரின் கதையில் கங்காதரபந்த் என்ற வரலாற்றுப் பேராசிரியர், மராட்டியர் வென்ற வேறோர் இந்தியாவில் போய் நிற்கிறார். பிறகு தம் சொந்த உலகுக்குத் திரும்பிவிடுகிறார். நாம் விரும்பும் வரலாற்றைக் கதையில் கண்டு மகிழ்வதில் தவறில்லை. அகழாய்வுக் குழியில் அதைத் தேடும்போதுதான் சிக்கல் எழுகிறது.

கதையில் வரும் கருவி நம்மிடம் இல்லை. 1949-இல் வில்லார்ட் லிபி குழுவினர் அறிவித்த கார்பன்-14 முறை இருக்கிறது. உயிருள்ளவரை ஒரு செடி காற்றிலிருந்து கார்பனைப் பெறுகிறது. இறந்தபின் அதிலுள்ள கார்பன்-14 சிதைந்து குறையத் தொடங்கும். 5,730 ஆண்டுகளில் பாதியாகும். சிவகங்கை மாவட்டம் கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரி மாதிரியின் காலம் கி.மு. 580 அளவு எனத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்டது. 2,600 ஆண்டுகள் கழிந்திருந்தால் தொடக்கத்தில் இருந்த கார்பன்-14-இல் ஏறத்தாழ 73 விழுக்காடு இன்னும் மிஞ்சியிருக்கும் என்று மாணவர்கள் தாங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

"அப்படியானால் கி.மு. 580 என்பது உறுதிதானே சார்?" என்று வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. காற்றிலுள்ள கார்பன்-14-இன் அளவு எக்காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. கி.மு. 800-க்குப் பின் அது குறைந்துகொண்டே வந்தது. கி.மு. 750-இல் வெட்டப்பட்ட மரம் அதிகக் கையிருப்புடன் தொடங்கி அதிகம் இழந்தது, கி.மு. 450-இல் வெட்டப்பட்டது குறைந்த கையிருப்புடன் தொடங்கிக் குறைவாக இழந்தது. இன்று இரண்டிலும் மிஞ்சியிருப்பது ஏறக்குறைய ஒரே அளவு! கி.மு. 800 முதல் 400 வரை திருத்த வரைகோடு கிட்டத்தட்டச் சமதளமாகிவிடுகிறது. கீழடியின் அந்த எண் இச்சமதளத்தின் நடுவில் விழுகிறது. அசிமாவ் கதையில் வரும் இரைச்சல் போன்றதே இதுவும். ஒற்றை மாதிரியை வைத்து ஆண்டைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. பல மாதிரிகளும், மண்ணடுக்குகளின் வரிசையும், வேறு முறைகளும் சேர வேண்டும். இதனால் கீழடியின் பெருமை குறைந்துவிடாது. எண்ணின் உண்மையான வலிமை எவ்வளவு என்பதே நமக்குத் தெரிகிறது.

அசிமாவின் இரண்டாவது உண்மை கருவி யார் கையில் என்பதைப் பற்றியது. கீழடியில் மத்தியத் தொல்லியல் துறையின் பணியைத் தொடங்கி நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா 2017-இல் இடமாற்றம் செய்யப்பட்டார். அவருடைய அறிக்கை 2023 ஜனவரியில் அளிக்கப்பட்டது. கால வரையறையில் திருத்தம் வேண்டும் என்று 2025 மே மாதம் துறை கேட்டது. மண்ணடுக்குகளும் கார்பன் காலக் கணிப்பும் தம் முடிவுக்கு ஆதாரம் என்று அவர் மறுத்தார். இதில் ஒரு பக்கம் நின்று முழங்குவது எளிது. ஆனால் பௌதிக ஆய்வுக்கூடத்தில் ஊசல் சோதனையை நூறு முறை திரும்பச் செய்யலாம். ஒரு மண்ணடுக்கை ஒரு முறைதான் தோண்ட முடியும். தோண்டியவுடன் அது அழிந்துவிடும். அதற்குப் பிறகு மிஞ்சுவன பொருள்களும் குறிப்புகளும் அறிக்கையும்தான். எனவே ஐயங்களையும் மறுப்புகளையும் சேர்த்தே அறிக்கை மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். ஐயம் திருத்தத்துக்கு வழி செய்யும். மூடிவைத்த அறிக்கை எவருக்கும் பயன்படாது.

நந்திவர்மனும் விக்கிரமாதித்தனும் தங்கள் பக்கத்தைக் கல்லில் எழுதினார்கள். அவை இரண்டும் அழியாமல் இருப்பதால்தான் நாம் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். எங்கள் ஊர்த் தறியில் பாவு இழை அறுந்தால், அதைப் பிணைத்த பின்பே நெசவாளர் ஊடையை ஓட்டுவார். வரலாற்றை நெய்வோருக்கும் அந்தப் பொறுமை வேண்டும்.