தன்னைக் கலைக்கக் கோரிய நகர்மன்றம்: மட்டாஞ்சேரி, 1960

1960 ஜூலை 9 அன்று மட்டாஞ்சேரி நகர்மன்றம் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றிக் கேரள அரசுக்கு அனுப்பியது. ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் ஆகிய மூன்று நகராட்சிகளையும் இணைத்து ஒரே மாநகராட்சி அமைக்க வேண்டும் என்பது அதன் கோரிக்கை. அக்கோரிக்கை ஏற்கப்பட்டால் அதனை எழுப்பிய மன்றமே இல்லாதொழியும். எல்லையையும் வரிவருவாயையும் காத்துக்கொள்ள உள்ளாட்சி மன்றங்கள் இயற்றிய தீர்மானங்கள் ஏராளம். இது அவ்வகையைச் சேர்ந்ததன்று. உள்ளாட்சி வரலாறு பயிலும் மாணவர்கள் இதனைக் கூர்ந்து நோக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

அந்நாளில் கேரளத்தில் மாநகராட்சிகளுக்கெனப் பொதுச் சட்டம் எதுவும் இல்லை. திருவனந்தபுரம் 1940ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்ச் சட்டத்தால் மாநகராட்சியாகியிருந்தது. கேரள மாநகராட்சிகள் சட்டம் இயற்றப்பட்டது 1961இல்தான். ஆகவே, இன்னும் பிறவாத சட்டத்தின் கீழ் ஒரு தகுதியைக் கோரியது மட்டாஞ்சேரி.

இக்கோரிக்கையின் வேர் மூன்று ஆட்சிகளின் எச்சத்தில் இருக்கிறது. ஃபோர்ட் கொச்சி பிரிட்டிஷ் நிலம். மலபார் மாவட்டத்தின் பகுதியாகச் சென்னை மாகாணத்துக்கு உட்பட்டு 1866இலேயே நகராட்சியாயிற்று. நடந்தே கடக்கக்கூடிய தொலைவிலிருந்த மட்டாஞ்சேரி கொச்சி மன்னருடையது. அங்கும் எர்ணாகுளத்திலும் 1896இல் நகர சபைகள் அமைக்கப்பட்டன. வணிகத்துக்கு இக்கோடுகள் பொருட்டல்ல. மிளகு வணிகர் சங்கம் 1957இல் மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில்தான் தொடங்கப்பட்டது. இங்குள்ள பண்டகசாலையில் கட்டிய மூட்டை வெலிங்டன் தீவின் துறைமுகத்தில் கப்பலேறும். அதற்கான அரசு அலுவல்களோ எர்ணாகுளத்தில். 1956இல் மாநிலம் ஒன்றாகிவிட்டது. நகரம் மட்டும் மூன்று மன்றங்களாகவே நீடித்தது.

இத்தீர்மானத்துக்குச் சட்ட வலிமை என்ன? நேரடியாகப் பார்த்தால், ஏதுமில்லை. ஒரு மாநிலத்தின் எல்லையை மாற்றும் மசோதா நாடாளுமன்றத்துக்கு வருமுன், அம்மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தறியக் குடியரசுத் தலைவர் அதனை அனுப்பியாக வேண்டும் என்கிறது அரசமைப்பின் 3ஆம் உறுப்பு. அக்கருத்து நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. எனினும் கேட்டாக வேண்டும். நகர்மன்றங்களுக்கு அந்த அளவு உரிமைகூட அரசமைப்பில் இல்லை. உள்ளாட்சி என்பது மாநிலப் பட்டியலின் 5ஆம் இனம். மன்றத்திடம் கருத்துக் கேட்பது சட்டம் இடம் தந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. எஞ்சுவது தீர்மானம் ஒன்றே. தேர்ந்தெடுக்கப்பட்டோர் கூடி, வாக்களித்து, பதிவேட்டில் ஏற்றிய ஊரின் குரல் என்பதே அதன் பலம்.

அப்பலம் அற்பமானதன்று என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1953இல் ஆந்திர மாநில மசோதா உருவாகிக்கொண்டிருந்த வேளை. ஆந்திரத்தின் தற்காலிகத் தலைநகர் சென்னையிலேயே இருக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. மேயர் த. செங்கல்வராயன் காலத்துச் சென்னை மாநகராட்சி, நகரம் தமிழருக்கே உரியது என்று தீர்மானித்தது. அதன் பின்னணியில் ம.பொ.சி.யின் உழைப்பு இருந்தது. அத்தீர்மானமும் தில்லியைச் சட்டப்படி கட்டுப்படுத்தவில்லை. நகரத்தின் விருப்பம் இன்னதென்பதை ஐயத்துக்கிடமின்றிப் பதிவுசெய்தது. சென்னை தன்னிடமிருந்ததைக் காக்கப் பேசியது; மட்டாஞ்சேரி தன்னையே கரைத்துக்கொள்ளப் பேசியது. கருவி ஒன்றுதான்.

கொச்சியில் காலம் பிடித்தது. பட்டம் தாணுப்பிள்ளை முதலமைச்சராக இருந்தபோது தீர்மானம் போயிற்று. இணைப்பு இயலுமா என ஆராய அரசு ஓர் ஆணையத்தை நியமித்தது. அதன் அறிக்கையின் அடிப்படையில் சட்டப்பேரவை ஒப்புதல் அளித்தது. இடையில் ஆர். சங்கர் அமைச்சரவை 1964 செப்டம்பரில் கவிழ்ந்தது. 1965 தேர்தலில் எவராலும் ஆட்சி அமைக்க இயலவில்லை. 1967 மார்ச் வரை குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்தது. கோழிக்கோடு 1962இலேயே மாநகராட்சியாகிவிட்டது என்பதையும் நினைவிற்கொள்க.

கொச்சி மாநகராட்சி பிறந்தது 1967 நவம்பர் 1 அன்று, கேரளம் பிறந்து சரியாகப் பதினொரு ஆண்டுகளுக்குப் பின். தீர்மானம் கேட்டது மூன்று நகராட்சிகளை. அரசு தந்தது அதனினும் பெரிது. வெலிங்டன் தீவும், பள்ளுருத்தி, வெண்ணலா, வைற்றிலா, இடப்பள்ளி ஆகிய நான்கு ஊராட்சிகளும், குண்டு, ராமன்துருத்து என்ற சிறு தீவுகளும் சேர்க்கப்பட்டன. இடப்பள்ளி முன்னாளில் திருவிதாங்கூரைச் சார்ந்த குறுநிலம். ஆக, பிரிட்டிஷ் இந்தியா, கொச்சி, திருவிதாங்கூர் என மூன்று பழைய ஆட்சிகளின் மண்ணும் ஒரே மாநகராட்சிக்குள் வந்தது.

காக்கநாடு அப்பட்டியலில் இல்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் இன்ஃபோபார்க்கும் பின்னர் அங்கே அமைந்தன. 2010இல் அப்பகுதி திருக்காக்கரை என்ற தனி நகராட்சியாயிற்று. நகரம் கிழக்கே அதுவரை பரந்துவிட்ட பின்னும், காக்கநாட்டின் பெயரால் பேசும் மன்றம் வேறு, மட்டாஞ்சேரியின் பெயரால் பேசும் மன்றம் வேறு.