கலாம்

திருவனந்தபுரத்தில் ‘கலாம்’ என்றதும் எவர் நினைவும் தும்பாவுக்குத்தான் போகும். 1963 நவம்பர் 21 அன்று அந்தக் கடற்கரையிலிருந்து முதல் ராக்கெட் ஏறியது. அங்கே உழைத்த ராமேசுவரத்துக்காரர் அப்துல் கலாமின் பெயர் ஊரோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரின் பொருளை நினைத்துப் பார்க்கிறவர்கள் குறைவு.

அரபியில் ‘கலாம்’ என்றால் பேச்சு. ‘கலிமா’வும் அதே வேரில் பிறந்ததுதான். இறைவன் நேரே பேசியதால் மூசா நபிக்குக் ‘கலீமுல்லாஹ்’ என்று பெயர். ‘அப்து’ என்றால் அடியார். அதற்குப் பின் வழக்கமாக இறைவனின் திருநாமம் வரும்: காதர், ரகுமான், சமது. கலாமோ அந்தத் தொண்ணூற்றொன்பது திருநாமங்களில் இல்லை. அது சிபத்து, இறைவனின் பண்பு. மதரசாப் பிள்ளைகள் ஒப்பிக்கும் இருபது சிபத்துகளில் அறிவு, ஆற்றல், நாட்டம் இவற்றோடு கலாமும் உண்டு.

இந்தப் பண்பை முன்னிட்டு ரத்தமே சிந்தியிருக்கிறது. இறைவனின் பேச்சாகிய குர்ஆன் படைக்கப்பட்டது என்று முஃதஸிலா என்ற இறையியலார் வாதித்தார்கள். அனாதியான பேச்சு என்று ஒன்று இருந்தால் இறைவனோடு இன்னொரு அனாதி வந்துவிடுமே என்பது அவர்கள் அச்சம். 833இல் கலீபா மஃமூன் அந்தக் கொள்கையையே அரசாணையாக்கினார். இணங்க மறுத்த இமாம் அகமது இப்னு ஹன்பல் சிறைப்பட்டார், பின்னர் சவுக்கடியும் பட்டார். இத்தகைய வாதங்களில் வளர்ந்த இறையியலுக்கும் ‘இல்முல் கலாம்’ என்றே பெயர்.

தமிழிலும் பழைய ‘கலாம்’ ஒன்று உண்டு. மணிமேகலையில் வரும் அச்சொல்லுக்குப் பூசல் என்று பொருள். இரண்டுக்கும் உறவில்லை, ஓசை மட்டுமே ஒன்று. ஆனாலும் பக்தாதில் நடந்த அந்தப் பூசலை நினைக்கும்போது அந்தத் தமிழ்ச் சொல்லும் கூடவே வந்து நிற்கிறது எனக்கு.

பேசுவது யார் என்ற கேள்வி திருவனந்தபுரத்துக்குப் புதிதல்ல. அனந்தபுரத்தைப் பாடிய நம்மாழ்வாரின் நூலுக்கே திருவாய்மொழி என்று பெயர். தம் வாயைக் கொண்டு திருமால் தன்னையே பாடிக்கொண்டான் என்று அதில் அவர் உருகுகிறார்.

குர்ஆனைப் பற்றிய அந்த வாதத்துக்குப் பத்தாம் நூற்றாண்டில் இமாம் அஷ்அரியின் வழி வந்த விடையைத்தான் கேரளத்திலும் தமிழகத்திலும் பெரும்பாலான முஸ்லிம்கள் ஏற்றார்கள். இறைவனின் பேச்சு எழுத்தும் ஓசையும் அற்றது, அனாதியானது. மையும் தாளும் ஓதுபவர் குரலும் படைக்கப்பட்டவை. இந்த ஊர்ப் பாளையம் பள்ளிவாசலில் ஒருவர் விரல் வைத்து ஓதும்போது அந்த விரலுக்கடியில் இருப்பது படைக்கப்பட்ட மையும் தாளும்; அவை சுட்டுவதோ அனாதியான பேச்சை. அதனால்தான் இற்றுப்போன குர்ஆன் தாளைக்கூடக் குப்பையில் போடமாட்டார்கள்; துணியில் பொதிந்து, கால் படாத இடமாகப் பார்த்துப் புதைப்பார்கள்.