உப்பு நீரும் பழச்செடியும்: இலைவழி மருந்தின் வரலாறு

பிரிஞ்சாங்கில் உப்பு நீரா என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், தேயிலைக்கு ஏற்ற மழை, மலையோடை நீர். இங்கே உப்பு எங்கிருந்து வரும்?

ஸ்ட்ராபெரி வளர்க்கும் கூடாரத்துக்குள் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். பல இடங்களில் செடி தரையில் இருக்காது. தேங்காய் நார்த்தூள் நிரப்பிய பையில் நிற்கும். உரம் கலந்த நீர் சொட்டுக் குழாய் வழியாகப் போகும். அந்த உரமும் ஒருவகை உப்புதான். செடி எடுத்தது போக மிஞ்சியது பையிலேயே தங்கும். கூரை மழையைத் தடுத்துவிடுவதால், அதைக் கழுவிவிட வழியில்லை. ஆகவே, கடலே தெரியாத மலையிலும் உப்பு சேரும்.

எல்லாப் பயிரும் உப்பை ஒரே மாதிரி தாங்காது. 1977இல் மாஸ், ஹாப்மன் என்ற இரு ஆய்வாளர்கள் பயிர்களின் தாங்குதிறனைப் பட்டியலிட்டார்கள். அதன்படி, மண்ணின் உப்புத்தன்மை மீட்டருக்கு 1 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே ஸ்ட்ராபெரி விளைச்சல் குறையத் தொடங்கும். அதற்குமேல் கூடும் ஒவ்வோர் அலகுக்கும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். திராட்சை 1.5 வரை தாங்கும். பேரீச்சை 4 வரை தாங்கும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். உப்பால் நிலம் கெட்ட பழைய கதைகளில் பெயர் பெற்றது தெற்கு மெசப்பொத்தாமியா. கி.மு. 3500 வாக்கில் அங்கே கோதுமையும் பார்லியும் ஏறக்குறையச் சமமாக விளைந்தன. கி.மு. 2500 வாக்கில் கோதுமையின் பங்கு ஆறில் ஒன்றாகச் சுருங்கியது. கி.மு. 1700 வாக்கில் கோதுமை அநேகமாக மறைந்தே போனது. பாசன நீர் சேர்த்த உப்பே இதற்குக் காரணம் என்று ஜேக்கப்சன், ஆடம்ஸ் இருவரும் 1958இல் எழுதினார்கள். பின்னால் வந்தவர்களில் சிலர் இதை மறுத்ததும் உண்டு. ஆனால் உப்பு கூடினால் உழவர் பயிரை மாற்றுவார் என்பது எல்லா ஊருக்கும் பொருந்தும்.

நம் மொழியிலேயே இந்த அனுபவம் பதிந்திருக்கிறது. உப்பு மிகுந்த நிலத்தை உவர் என்றும், சோடியம் ஏறி இறுகிய நிலத்தைக் களர் என்றும் வேளாண் துறையினர் இன்றும் பிரித்துச் சொல்கிறார்கள். திருக்குறளின் 406ஆம் குறள் கல்லாதவரைக் களர்நிலத்துக்கு ஒப்பிடுகிறது. விளையாத நிலத்தின் வேதனை தெரிந்தவர்களுக்குத்தான் அந்த உவமை சட்டென்று உறைக்கும்.

யாழ்ப்பாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டுத் தமிழர் பலரின் பூர்வீகம் அது. அங்கே வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீர், கீழே இருக்கும் உவர்நீரின்மேல் மிதக்கிறது. மோட்டார் வைத்து அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலேறி, கிணறு உப்புக் கரிக்கும். மழைநீரைக் கடலுக்கு விடாமல் தேக்கி, உவர் ஏரிகளை நன்னீராக்கும் திட்டத்தைப் பொறியாளர் ஆறுமுகம் 1950களில் முன்வைத்தார். நாகப்பட்டினத்தில் 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை வயல்களுக்குள் புகுந்தபோதும், உப்பைக் கழுவ மழைதான் பெரிதும் உதவியது.

நெல்லோ பார்லியோ என்றால் அடுத்த பருவத்தில் மாற்றிவிடலாம். மாமரத்தை அப்படி மாற்ற முடியுமா? பல ஆண்டு வளர்த்த மரம் அது. அதனால்தான் பழப்பயிர்க்காரர்கள் இலையின் பக்கம் பார்வையைத் திருப்பினார்கள்.

உப்பு செடியை இரண்டு வழியில் தாக்கும். முதலாவது, மண்ணில் உப்பு கூடினால் ஈரம் இருந்தும் வேரால் நீரை இழுக்க முடியாது. இரண்டாவது, சோடியமும் குளோரைடும் இலையில் சேர்ந்து ஓரத்தைக் கருக்கும். சோடியம் பொட்டாசியத்தின் இடத்தைப் பறிக்கும். வேர் என்ற வாசல் இப்படி நெரிசல்படும்போது, இலை என்ற பக்கவாசலில் சத்தைக் கொடுக்கலாமே என்பதுதான் யோசனை.

அந்த வாசலுக்கும் வரலாறு உண்டு. வெளிறிய இலைமேல் இரும்புச் சல்பேட் கரைசல் தெளித்தால் பச்சை திரும்பும் என்று பிரான்சின் கிரிஸ் 1840களில் காட்டினார். சத்து இலைக்குள் உண்மையில் நுழைகிறதா என்பதை 1950களில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் ஒன்றில் டூக்கியும் விட்வரும் கதிரியக்கத் தடங்காட்டிகளைக் கொண்டு நிறுவினார்கள். இன்று உவர்நீர்ப் பழத்தோட்டங்களுக்காகப் பொட்டாசியம் நைட்ரேட், கால்சியம், சாலிசிலிக் அமிலம், கடற்பாசிச் சாறு எனப் பலவற்றைத் தெளித்துச் சோதிக்கிறார்கள்.

கடற்பாசிச் சாற்றில் தமிழ்நாட்டுக்குத் தனிப் பங்கு உண்டு. இராமநாதபுரம் கடற்கரையில் மீனவப் பெண்கள் பலர் கப்பாபைகஸ் என்ற பாசியை வளர்க்கிறார்கள். மண்டபத்தில் நிலையம் வைத்திருக்கும் மத்திய உப்பு, கடல்வேதியியல் ஆய்வு நிறுவனம், அந்தப் பாசியைப் பச்சையாகவே பிழிந்து சாற்றைப் பயிருக்கும் சக்கையைக் கராஜினன் தயாரிப்புக்கும் பயன்படுத்தும் முறையை உருவாக்கியது. நம் சபாவின் செம்பூர்ணாவிலும் இதே பாசி வளர்கிறது. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைமேல் இது படர்கிறது என்று 2008இல் ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள்.

இலைத் தெளிப்பு உப்பை அகற்றாது. சோடியம் மண்ணிலேயேதான் இருக்கும். மிதமான உப்பில் செடி தாக்குப்பிடிக்கத் தெளிப்பு துணை செய்யலாம். உப்பு மிகுந்தால் கைகொடுக்காது. கரைசல் கெட்டியானால் இலையே கருகும். அதனால் அளவாகக் கலந்து, வெயில் ஏறுமுன்னோ மாலையிலோ தெளிக்க வேண்டும். கலக்கும் நீரும் நல்ல நீராக இருக்க வேண்டும். உவர்நீரை இலைமேல் படும்படி பாய்ச்சுவது நோயாளிக்கு மேலும் நோய் கொடுத்த கதை. நிரந்தரத் தீர்வு நல்ல நீரால் கழுவிவிடுவதும் வடிகாலும்தான்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. சுற்றுச்சூழல், வேளாண்மை பற்றிய கட்டுரையில் "விவசாயிகள் பாதிக்கப்படுகின்றனர்" என்று பொதுவாக எழுதி நிறுத்தாதீர்கள். எந்தப் பயிர், எந்த அளவு உப்பு, எந்த ஊர் என்று எழுதுங்கள். தற்காலிக உதவி எது, நிலையான தீர்வு எது என்று பிரித்துக் காட்டுங்கள். ஆசிரியர்கள் வகுப்பில் இந்தக் கேள்வியைக் கொடுத்துப் பார்க்கலாம்: "கிணறு உப்பான ஓர் ஊரில் மாந்தோப்பு வைத்திருப்பவர் இந்த ஆண்டு என்ன செய்யலாம்? பத்து ஆண்டுக்கு அந்த ஊர் சேர்ந்து என்ன செய்ய வேண்டும்?" முதல் கேள்விக்குத் தெளிப்பான் ஒரு பதிலாகலாம். இரண்டாவதற்கு ஆகாது. அங்கே மாணவர்கள் மழைநீரைப் பற்றியும், ஒரே நிலத்தடி நீரை எத்தனை பேர் இறைக்கிறார்கள் என்பதைப் பற்றியும் பேசியாக வேண்டும்.