தைப்பொங்கலும் மட்டைப்பந்தும்

கிரிக்கெட் என்னும் மட்டைப்பந்தாட்டம் ஆங்கில நாட்டில் கோடைக்கால விளையாட்டு. குளிர்காலத்தில் அங்கே ஆடுகளங்கள் வெறிச்சோடிக் கிடக்கும். தமிழ்நாட்டிலோ முன்பனிக் காலமாகிய மார்கழி, தைத் திங்கள்களே அதற்கு ஏற்ற பருவம். இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது?

விடை மழையிலும் வயலிலும் உள்ளது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பொழிகிறது. மார்கழி இறுதியில் மழை ஓய்கிறது. தையில் சம்பா நெல் அறுவடையாகிறது. அறுத்த வயல் காய்ந்து தரை இறுகுகிறது. வெயிலில் கடுமை இல்லை. உழவர்க்கும் சற்று ஓய்வுண்டு. பொங்கலையொட்டிச் சிற்றூர் இளைஞர் வயலின் தாளைச் செதுக்கி ஆடுகளம் அமைப்பர். ஊருக்கு ஊர் போட்டியிடுவர். சிறுவர்க்குத் தென்னை மட்டையே ஆட்ட மட்டை. சொல்லும் பொருளும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன.

புக்கிட் பாத்தோக்கில் பயிலும் தமிழ் மாணவனுக்கு இது விளங்குவது அரிது. சிங்கப்பூரில் மார்கழி பெருமழைக் காலம். அறுவடை வயலும் இங்கில்லை. ஆகவே, பொங்கலுக்கும் பந்தாட்டத்துக்கும் உள்ள உறவைத் தமிழ்நாட்டு வரலாற்றைக் கொண்டே அவனுக்கு விளக்க வேண்டும்.

அவ்வரலாற்றில் சிறந்த இடம் பெறுவது சென்னை சேப்பாக்கம். 1846இல் அந்நகரில் தோன்றிய சென்னைக் கிரிக்கெட் கழகம் ஐரோப்பியர்க்கே உரியதாய் இருந்தது. இந்நிலையைப் பொறாத புச்சி பாபு நாயுடு, 1888இல் இந்தியர்க்கென ஐக்கியக் கழகத்தை நிறுவினார். ஆள்வோரும் ஆளப்படுவோரும் ஒரே களத்தில் சமமாய் நின்று ஆடவேண்டும் என்பது அவர் விருப்பம். 1908இல் அத்தகைய ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்தார்; ஆனால் அதைக் காணுமுன் காலமானார்.

அவர் விதைத்தது வீண்போகவில்லை. 1915-16ஆம் பருவம் முதல் இந்தியர்க்கும் ஐரோப்பியர்க்கும் இடையே மாகாண ஆட்டம் முறையாக நடந்தது. பெரும்பாலும் பொங்கலையொட்டி நடந்தமையால் மக்கள் அதனைப் பொங்கல் ஆட்டம் என்றே வழங்கினர். அரசியலில் சமவுரிமை கிட்டாத காலத்தில், களத்தில் மட்டும் இருதரப்பும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டன. புச்சி பாபுவின் மைந்தர் இராமசாமி 1936இல், தம் நாற்பதாம் வயதில், இந்திய அணியில் இடம்பெற்று இங்கிலாந்தை எதிர்த்து ஆடினார்.

1947இல் நாடு விடுதலை பெற்றது. சென்னையில் ஐரோப்பியர் தொகை சுருங்கியது. 1951-52ஆம் பருவத்தோடு மாகாண ஆட்டம் முடிவுற்றது. அதே பருவத்தில், 1952 பெப்ரவரியில், அதே சேப்பாக்கத்தில்தான் இந்தியா இங்கிலாந்தை வென்று தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது என்பது கருதத்தக்கது.

ஆள்வோரும் ஆளப்படுவோரும் மோதிய ஆட்டம் அவ்வேறுபாடு நீங்கியதும் மறைந்தது. சிற்றூரின் பொங்கல் ஆட்டமோ இன்றும் நடைபெறுகிறது. அதன் வேர் ஆட்சியில் இல்லை, அறுவடையில் உள்ளது. பொங்கலைப் பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியர் பானையையும் கரும்பையும் காட்டுவதோடு, அறுத்த வயலில் பந்து உருளும் காட்சியையும் மாணவர்க்கு எடுத்துரைத்தல் நன்று.