கடிகாரத்தை மாத்தி வெச்சா கிணத்துக்கடவு ரோட்டில் வெளிச்சம் வருமா?

உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறி, மாலை 6.30 மணிக்குக் கிணத்துக்கடவில் இறங்குறீங்க. ஜூலையில் அதே நேரத்துக்கு இறங்கினப்போ நல்ல வெளிச்சம் இருந்தது. இப்போ நவம்பர், கும்மிருட்டு. பஸ்ஸும் அதே, நேரமும் அதே. ரோட்டைக் கடக்க நிற்கும் உங்களை, எதிரே வண்டியில் வர்றவர் கவனிப்பாரா என்பது மட்டும்தான் மாறியிருக்கு.

அதே வாரம் அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா பையனிடமிருந்து வாட்ஸ்அப்பில் மெசேஜ் வரும்: 'இன்னைக்கு எங்க ஊர்ல மணியை மாத்திட்டாங்க!' உடனே ஒரு கேள்வி எழும். ஏனுங்க, நாமளும் மாத்திக்கிட்டா என்ன?

அங்கே ஏன் மாத்துறாங்க?

அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் மாத இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். நவம்பர் முதல் ஞாயிறு பழைய நேரத்துக்குத் திரும்புவார்கள். ஐரோப்பாவில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. கோடையில் சீக்கிரமே விடிந்துவிடும் வெளிச்சத்தை, மக்கள் விழித்திருக்கும் மாலைக்கு மாற்றுவதுதான் நோக்கம்.

இதில் நடந்து போகிறவர்களின் உயிரும் சம்பந்தப்பட்டிருக்கு. வருடம் முழுக்கக் கோடை நேரத்தையே வைத்திருந்தால், 1987 முதல் 1991 வரை அமெரிக்காவில் 901 உயிர்ப்பலி விபத்துகளைத் தவிர்த்திருக்கலாம் என 1995-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் 727 விபத்துகள் பாதசாரிகள் சிக்கியவை. இருட்டு யாரை அதிகம் குறிவைக்கிறது என்று இதிலேயே தெரிகிறது.

ஆனால், வருடம் முழுக்கக் கோடை நேரம் என்பதை 1974 ஜனவரியில் அமெரிக்கா நிஜமாகவே முயன்று பார்த்தது. பிள்ளைகள் காலையில் இருட்டில் ஸ்கூலுக்குப் போக வேண்டியிருந்ததால் பெற்றோர் கொதித்தார்கள். அந்த வருடம் முடிவதற்குள்ளேயே திட்டம் கைவிடப்பட்டது.

நம்ம ஊர் கணக்கு

லண்டனில் ஜூன் மாதப் பகல் சுமார் பதினாறரை மணி நேரம். டிசம்பரில் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. அங்கே மாற்றி வைக்க வெளிச்சம் கையிருப்பில் இருக்கிறது.

கிணத்துக்கடவு பூமத்திய ரேகைக்குப் பக்கம். இங்கே நீண்ட பகல் சுமார் 12 மணி 45 நிமிடம், குறுகிய பகல் சுமார் 11 மணி 30 நிமிடம். வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான். ஜூலை தொடக்கத்தில் சூரியன் 6.50 வாக்கில் மறையும். நவம்பர் நடுவில் 5.55-க்கே மறைந்துவிடும்.

இன்னொரு விஷயமும் இருக்கு. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்க ரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நாம் இருப்பது ஏறக்குறைய 77 டிகிரியில். ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் என்றால், நம்ம சூரியன் கடிகாரத்தைவிட சராசரியாக 22 நிமிடம் லேட். அதாவது, இப்போதே நம் கடிகாரம் கொஞ்சம் முன்னால்தான் ஓடுகிறது!

நாமும் மாத்திப் பார்த்திருக்கோம்

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் வரை இந்தியாவில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் வைக்கப்பட்டிருந்தது. போர் முடிந்ததும் பழைய நேரமே திரும்பியது. பெங்களூரு தேசிய உயராய்வு நிறுவனத்தைச் சேர்ந்த திலீப் அஹுஜா, டி.பி.சென்குப்தா ஆகிய இருவரும், நாடு முழுக்க நேரத்தை அரை மணி நேரம் நிரந்தரமாக முன்னால் தள்ளினால் மாலை நேர மின்சாரம் மிச்சமாகும் என்று 2012-ல் எழுதினார்கள். அது நடைமுறைக்கு வரவில்லை.

பக்கத்திலேயே ஓர் அனுபவம் இருக்கிறது. மின் பற்றாக்குறையில் தவித்த இலங்கை, 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது. அக்டோபரில் அதை அரை மணி நேரமாகக் குறைத்தது. விடுதலைப்புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்திலேயே இருந்ததால், ஒரே தீவில் இரண்டு நேரம் ஓடியது. பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்குக் கிளம்புகிறார்கள் என்ற குறை அங்கேயும் எழுந்தது. 2006 ஏப்ரலில் இலங்கை மறுபடி நம் நேரத்துக்கே வந்துவிட்டது.

அந்த அரை மணி நேரத்தை நம்ம ஊரில் வைத்துப் பாருங்க. நவம்பரில் சூரியன் 6.25-க்கு மறையும். 6.30 பஸ்ஸில் இறங்கும் உங்களுக்குக் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும். ஆனால், ஜனவரி கடைசியில் சூரியன் உதிப்பது 6.45-லிருந்து 7.15-க்குப் போய்விடும். 6.45-க்கு ஸ்கூல் வேனுக்கு ரோட்டோரம் நிற்கும் பிள்ளைக்கு விடிந்தே இருக்காது. மாலையில் உங்களுக்குக் கிடைத்த வெளிச்சம், காலையில் அந்தப் பிள்ளையிடமிருந்து எடுத்ததுதான்.

அப்போ பிரச்னை எங்கே?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்குப்படி, 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் 32,825 பேர் நடந்து போனவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் மொத்தம் 17,884 பேர் இறந்திருக்கிறார்கள். விபத்துகள் அதிகம் நடக்கும் நேரம் மாலை 6 முதல் 9 வரை. மூன்று மணி நேரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விபத்து. 8 மணி இருட்டை எந்தக் கடிகாரத்தைத் திருப்பியும் வெளிச்சமாக்க முடியாது.

இருட்டோடு வேகமும் சேர்ந்தால்தான் ஆபத்து. 60 கி.மீ வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். உங்களைப் பார்த்து பிரேக்கில் கால் வைப்பதற்குள் 25 மீட்டர் போயிருக்கும். 50 கி.மீ வேகத்தில் மோதுவதைவிட 65 கி.மீ வேகத்தில் மோதினால் பாதசாரி இறக்கும் வாய்ப்பு 4.5 மடங்கு அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கோவை - பொள்ளாச்சி ரோடு நான்கு வழிச்சாலை ஆனபிறகு பயணம் சுலபமாகிவிட்டது. அதைக் குறுக்கே கடப்பவர்களுக்குத்தான் தூரமும் வேகமும் கூடிப்போச்சு.

இதற்கான சட்டப் போராட்டம் கோவையிலிருந்தே தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. கங்கா மருத்துவமனை எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் சாலைப் பாதுகாப்புக்காக வழக்கு போட்டார். அதே வழக்கில் 2025 மே மாதம், நடைபாதை என்பது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. இந்திய சாலை காங்கிரஸ் வழிகாட்டுதல்படி நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்கணும். உங்க தெருவில் இருக்கா? அளந்து பாருங்க.

நீங்க என்ன செய்யலாம்?

* நடைபாதை இல்லாத ரோட்டில் வலது ஓரமாக நடங்க. எதிரே வரும் வண்டி உங்க கண்ணுக்குத் தெரியும்.

* இருட்டில் கறுப்பு டி-ஷர்ட் போட்டால் வெகு பக்கத்தில் வந்தபிறகுதான் ஓட்டுநருக்குத் தெரிவீங்க. பையில் ஒளி பிரதிபலிக்கும் ஸ்டிக்கர் ஒட்டுங்க. போன் டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடிங்க.

* பஸ்ஸுக்கு முன்னால் புகுந்து கடக்காதீங்க. பஸ் கிளம்பட்டும், பிறகு கடக்கலாம்.

* ஹெட்போனைக் கழற்றுங்க. ரோட்டைக் கடக்கும் அரை நிமிடம் மட்டும் போதும்.

* பைக்கில் போறீங்களா? ஊருக்குள் ஹை பீம் வேண்டாம். ஜீப்ரா கோட்டில் ஆள் நின்றால் வண்டியை நிறுத்துங்க. அது பெருந்தன்மை இல்லை, சட்டம்.

* தெருவிளக்கு எரியலையா? பேரூராட்சியில் எழுதிக் கொடுங்க, அல்லது முதல்வரின் உதவி மையம் 1100-க்கு அழையுங்க. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. கம்பத்து எண்ணையும் போட்டோவையும் கையில் வெச்சுக்குங்க.

நவம்பர் வந்தால் சித்தப்பா பையன் கடிகாரத்தை மாத்தட்டும். நாம பஸ் ஸ்டாப்பில் எரியாத அந்த ஒரு பல்பை மாத்த வைப்போம். அது காலை, மாலை ரெண்டு வேளையும் வெளிச்சம் தரும். ஸ்கூல் வேனுக்கு நிற்கும் பிள்ளையிடமிருந்து எதையும் எடுத்துக்கவும் வேண்டியதில்லை.