டர்னிப்பில் எரிந்த விளக்கு

அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில், காசில்பார் என்ற ஊருக்குப் பக்கத்தில் கிராம வாழ்க்கைக்கென்றே ஒரு தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே இருக்கும் சின்ன முகம் ஒன்றைப் பார்த்தால் பெரியவர்களுக்கே ஒரு கணம் திக்கென்று இருக்கும். குழிந்த கண்கள், சிடுசிடுத்த தோற்றம், கோணல்மாணலாகச் செதுக்கிய பற்கள். டோனிகால் மாவட்டத்து ஃபின்டவுனிலிருந்து 1943இல் ஒரு பள்ளி ஆசிரியை கொடுத்த டர்னிப் விளக்கு அது. கிழங்கு நைந்து உதிரும் நிலைக்கு வந்துவிட்டதால் பிளாஸ்டரில் வார்ப்பெடுத்து வைத்தார்கள். ஹாலோவீன் என்றதும் நினைவுக்கு வரும் பரங்கிக்காய் முகத்துக்கு மூதாதை இந்த டர்னிப்தான்.

பழைய ஐரிஷ் கணக்கில் நவம்பர் 1 'சவின்', அதாவது குளிர்காலத்தின் முதல் நாள். கோடை முழுவதும் மலையில் மேய்ந்த மாடுகள் கீழே இறங்கிவரும். கையிருப்புத் தீவனம் எத்தனை மாட்டுக்குக் காணும் என்று பார்த்து, மிஞ்சியதை வெட்டி உப்புக்கண்டம் போடுவார்கள். சவினுக்கு முந்தைய இரவில் இரண்டு உலகங்களுக்கும் நடுவே உள்ள கதவு திறந்துகொள்ளும், செத்தவர்கள் வீடு திரும்புவார்கள் என்பது நம்பிக்கை. ரோஸ்காமன் மாவட்டத்து ராத்குரோகனில் 'பூனைகளின் குகை' என்று ஒரு குகை உண்டு. சவின் இரவில் அதிலிருந்து கொடிய உயிர்கள் புறப்படும் என்று இடைக்காலக் கதைகள் சொல்கின்றன. கிறிஸ்தவம் வந்த பிறகு நவம்பர் 1 சகல புனிதர்களின் திருநாளானது. மறுநாள் கல்லறைத் திருநாள். முந்தைய இரவுதான் ஹாலோவீன்.

ஆனால் பேய்க்கதைகளோடு நின்றுவிட்டால் இந்த இரவு பிடிபடாது. அதன் சமையலுக்குள் போக வேண்டும்.

திருநாளுக்கு முந்தைய நாள் என்பதால் கத்தோலிக்க வீடுகளில் அன்று இறைச்சி கிடையாது. ஏழையின் அடுப்பில் எப்போதும் இருந்த உருளைக்கிழங்குதான் விருந்து. அவித்து மசித்து, பாலும் கேல் கீரையோ முட்டைக்கோஸோ கலந்து, நடுவே குழி பறித்து வெண்ணெயை உருக விட்டால் 'கொல்கேனன்'. அடுத்து, உலர்திராட்சை போட்ட 'பார்ம்பிராக்' ரொட்டி. அதன் மாவுக்குள்ளேயே அந்த வீட்டாரின் எதிர்காலத்தை ஒளித்து வைத்துவிடுவார்கள். மோதிரம் கிடைத்தவருக்குக் கல்யாணம், காசு கிடைத்தவருக்குச் செல்வம், கந்தல் துணி கிடைத்தவருக்கு வறுமை, பட்டாணி கிடைத்தவருக்கு அந்த வருடம் மாலை விழாது. குச்சி வந்தால் சண்டையும் சச்சரவுமான இல்வாழ்க்கை. துண்டு போட்ட ரொட்டியைப் பிட்டுப் பார்க்கும்போது அந்தக் குமரிப்பெண்களுக்கு நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டிருக்கும்!

சவினுக்குப் பிறகு கருநாவல் போன்ற காட்டு பிளாக்பெர்ரியைத் தொடக்கூடாது, 'பூக்கா' என்ற பேய் அதன்மேல் துப்பிவிடும் என்று பிள்ளைகளை மிரட்டி வைத்தார்கள். பனி விழத் தொடங்கியதும் அந்தப் பழம் பூசணம் பிடித்துவிடும். வயிற்றுக் கோளாறு வராமல் காத்த பேய் என்றே இதைச் சொல்ல வேண்டும்.

1845 இலையுதிர்காலத்தில் இந்த விருந்துக்கே உலை வைத்தது ஒரு கிருமி. பைட்டாப்தோரா என்ற அந்தக் கிருமி தாக்கிய வயல்களில், தோண்டிய கிழங்கெல்லாம் கறுத்து நாறியது. 1852 வரை நீண்ட பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மடிந்தார்கள். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள். அதே துறைமுகங்களிலிருந்து தானியமும் மாடுகளும் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்ததை மன்னிக்கவே முடியாது. லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்து நிவாரணத்தை இறுக்கிப் பிடித்த அதிகாரி சார்லஸ் ட்ரெவெல்யன். சென்னைக்கு இவர் புதியவர் அல்ல. 1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தவர் இவரேதான். வருமான வரியைப் பகிரங்கமாக எதிர்த்ததால் மறு வருடமே திரும்ப அழைக்கப்பட்டார்.

உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த பயிர். அதை நம்பி வாழ்ந்த மக்கள், அது கைவிட்டதும் அமெரிக்கக் கண்டத்துக்கே போய் இறங்கினார்கள். அங்கே பரங்கிக்காய் கொட்டிக் கிடந்தது. டர்னிப்போ கல் மாதிரி இருக்கும், குடைவதற்குள் கை ஓய்ந்துவிடும். பரங்கியில் கத்தி சுலபமாக இறங்கும், உள்ளே மெழுகுவத்தி வைக்கத் தாராளமாக இடமும் உண்டு. அமெரிக்கப் பிள்ளைகள் ஏற்கனவே பரங்கியில் முகம் வெட்டி விளையாடியவர்கள்தான். அந்த விளையாட்டு அக்டோபர் 31ஆம் தேதியோடு சேர்ந்துகொண்டதில் ஐரிஷ், ஸ்காட்டிஷ் குடியேறிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

பிறகு சினிமா அதை உலகமெங்கும் கொண்டுபோனது. ஜான் கார்பென்டரின் 'ஹாலோவீன்' 1978இல் வந்தது. செலவு சுமார் 3 லட்சம் டாலர், வசூல் ஏறத்தாழ 7 கோடி டாலர். கதை நடப்பது இல்லினாயில், படம் பிடித்ததோ கலிபோர்னியாவில், அதுவும் வசந்த காலத்தில். இலையுதிர்கால நிறம் வேண்டுமென்று இலைகளுக்குச் சாயம் பூசித் தெருவில் இறைத்தார்கள். காட்சி முடிந்ததும் பொறுக்கி மூட்டை கட்டி அடுத்த காட்சிக்கு வைத்துக்கொண்டார்கள். கொலைகாரனின் முகமூடி, 'ஸ்டார் ட்ரெக்' கேப்டன் கிர்க்கின் முகத்தைக் கொண்டு செய்த மலிவு விலைச் சரக்கு. வெள்ளைச் சாயம் அடித்து, கண் துளைகளைப் பெரிதாக்கியதும் ஆள் அடையாளமே போய்விட்டது.

இன்று அயர்லாந்திலும் அக்டோபரில் பரங்கிக்காய்தான் விற்கிறது. பார்ம்பிராக் இன்னும் கடைக்கு வருகிறது. கந்தலும் குச்சியும் போய்விட்டன, மோதிரம் மட்டும் இருக்கிறது.

அயர்லாந்துக்காரர் எழுதிய இன்னொரு திகில் கதையும் உண்டு. 1832இல் அயர்லாந்தின் ஸ்லைகோ நகரைக் காலரா சூறையாடியதைச் சிறுமியாக நேரில் கண்டவர் சார்லட். அவர் தன் மகனுக்கு அதையெல்லாம் எழுதிக் கொடுத்தார். அந்த மகன் ப்ராம் ஸ்டோக்கர், 1897இல் 'டிராகுலா'வை எழுதியவர். அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)