கம்பியற்ற வலையமைப்புப் பாதுகாப்பு

கம்பியற்ற வலையமைப்புப் பாதுகாப்பு என்பது, வீட்டிலோ அலுவலகத்திலோ வானொலி அலைகள் வழியாக இயங்கும் கணினி வலையமைப்பில் அயலார் நுழைவதையும், அதில் செல்லும் தரவுகளை அவர்கள் படிப்பதையும் தடுக்கும் முறைகளைக் குறிக்கும். கம்பிவழி வலையமைப்பில் நுழைய விரும்புபவர் கட்டடத்துக்குள் வந்தாக வேண்டும். வை-ஃபை அலைகளோ சுவரைக் கடந்து தெருவுக்கும் அடுத்த வீட்டுக்கும் செல்வன. ஆகவே அலை எட்டும் தொலைவில் உள்ள எவரும் அதனைக் கேட்கக்கூடும் என்று கொண்டே பாதுகாப்பை அமைக்க வேண்டும்.

திறந்த வலையமைப்பின் விளைவுகள்

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்புகள் நிகழ்வதற்குச் சில நிமிடங்கள் முன்னர் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. நவி மும்பையில் வசித்த வெளிநாட்டவர் ஒருவரின் இணைய இணைப்பிலிருந்து அது சென்றிருந்தது. கடவுச்சொல் இல்லாத அவரது வை-ஃபையைப் பிறர் பயன்படுத்தியிருந்தனர். ஒரு வீட்டின் கருவிகள் அனைத்தும் வெளியுலகுக்கு ஒரே ஐ.பி. முகவரியாகவே தெரிவதால், விசாரணை முதலில் இணைப்பின் உரிமையாளரிடமே வந்து சேரும். 2009இல் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை, வை-ஃபை இணைப்புகளைப் பாதுகாப்பது குறித்து இணையச் சேவை வழங்குநர்களுக்கு அறிவுறுத்தல்களை வழங்கியது.

மறையாக்க முறைகள்

1997இல் வெளியான ஐ.ஈ.ஈ.ஈ. 802.11 சீர்தரத்தில் டபிள்யூ.ஈ.பி. என்னும் மறையாக்க முறை இடம்பெற்றது. ஒவ்வொரு தரவுப் பொதியுடனும் சேர்க்கப்படும் தொடக்க எண்ணுக்கு இதில் 24 பிட்டுகளே ஒதுக்கப்பட்டன. இதனால் போக்குவரத்து மிகுந்த வலையமைப்பில் ஒரே எண் விரைவில் மீண்டும் வந்துவிடும். 2001இல் ஃபுளூரர், மான்டின், ஷமீர் ஆகியோர் இம்முறை பயன்படுத்திய ஆர்.சி.4 மறையீட்டின் குறைபாட்டை வெளியிட்டனர். 2007இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 104 பிட்டுத் திறவுகோலை ஒரு நிமிடத்துக்குள் கண்டறிய இயலும் என்று காட்டினர். அமெரிக்காவின் டி.ஜே.எக்ஸ். வணிக நிறுவனத்திலிருந்து 4.5 கோடிக்கும் மேற்பட்ட அட்டை எண்கள் களவுபோனமை அதே ஆண்டில் வெளிவந்தது. அந்நிறுவனத்தின் கடைகளில் இம்முறையே பயன்பாட்டில் இருந்தது.

இதற்கு மாற்றாக 2003இல் டபிள்யூ.பி.ஏ., 2004இல் ஏ.ஈ.எஸ். மறையீட்டைக் கொண்ட டபிள்யூ.பி.ஏ. 2 ஆகியன வந்தன. பின்னையது இன்றும் பரவலாக உள்ளது. 2017இல் வெளியான கிராக் தாக்குதல் இதன் இணைப்பு நடைமுறையில் இருந்த பிழையைக் காட்டியது. மென்பொருள் இற்றைப்படுத்தலால் அது சரிசெய்யப்பட்டது. எனினும் இற்றைப்படுத்தப்படாத பழைய கைபேசிகளில் ஆபத்து நீடிக்கிறது.

டபிள்யூ.பி.ஏ. 2இன் உண்மையான வலுக்குறைவு, பயனர் தேர்ந்தெடுக்கும் கடவுச்சொல்லே ஆகும். ஒரு கருவி இணையும்போது நிகழும் செய்திப் பரிமாற்றத்தை ஒருமுறை பதிவு செய்துகொண்டவர், பின்னர் தம் கணினியில் எத்தனை கடவுச்சொற்களையும் சோதித்துப் பார்க்கலாம். ரவுட்டருக்கு அது தெரியவே தெரியாது. நம் நாட்டில் பலர் தம் கைபேசி எண்ணையே கடவுச்சொல்லாக வைக்கின்றனர். 6 முதல் 9 வரையான இலக்கத்தில் தொடங்கும் பத்து இலக்க எண்கள் மொத்தம் 400 கோடி மட்டுமே. நொடிக்குப் பல இலட்சம் சோதனைகள் செய்யும் வரைகலைச் செயலிக்கு இவற்றை முடிக்கச் சில மணி நேரம் போதும். 2018இல் அறிமுகமான டபிள்யூ.பி.ஏ. 3இல் ஒவ்வொரு ஊகத்தையும் வலையமைப்புடன் நேரடியாகவே சோதிக்க வேண்டியிருப்பதால் இவ்வழி அடைபடுகிறது.

அமைக்கும் முறை

முதலில் ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். இது வை-ஃபை கடவுச்சொல்லிலிருந்து வேறானது என்பதைப் பலர் அறியார். பின்னர் ரவுட்டரின் மென்பொருளை இற்றைப்படுத்தி, டபிள்யூ.பி.ஏ. 3ஐத் தெரிவு செய்யலாம். கருவிகள் அதனை ஏற்காவிடில் ஏ.ஈ.எஸ்.உடன் கூடிய டபிள்யூ.பி.ஏ. 2 பொருந்தும். கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துகள் வரை இருக்கலாம். தொடர்பற்ற ஐந்தாறு சொற்களைக் கோப்பது நினைவில் வைக்கவும் எளிது.

டபிள்யூ.பி.எஸ். வசதியை நிறுத்திவிடுதல் நன்று. இதன் எட்டு இலக்க எண் இரு பாதிகளாகச் சரிபார்க்கப்படுவதாலும், இறுதி இலக்கம் ஏனையவற்றிலிருந்து கணிக்கப்படுவதாலும், 11,000 முயற்சிகளுக்குள் அதனைக் கண்டுபிடிக்கலாம் என்பது 2011இல் வெளியானது. விருந்தினருக்கும், கண்காணிப்புப் படக்கருவி போன்ற இணையக் கருவிகளுக்கும் தனி விருந்தினர் வலையமைப்பை ஒதுக்கலாம்.

பயன் குறைந்த முறைகள்

வலையமைப்பின் பெயரை மறைத்து வைப்பது பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் கருவிகள் இணையும்போது பெயர் வெளிப்பட்டுவிடும். மேலும் மறைந்த வலையமைப்பைத் தேடும் கைபேசி, செல்லும் இடமெல்லாம் அப்பெயரை அறிவித்துக்கொண்டே போகக்கூடும். குறிப்பிட்ட மேக் முகவரிகளை மட்டும் அனுமதிப்பதும் இத்தகையதே. அம்முகவரி மறையாக்கம் இன்றியே அனுப்பப்படுவதால் எவரும் அதனைப் படித்துத் தம் கருவிக்கு இட்டுக்கொள்ளலாம்.

அலுவலகங்களில்

பலர் பணிபுரியும் இடத்தில் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்வது ஏற்றதன்று. ஒருவர் பணியிலிருந்து விலகும்போதெல்லாம் அதனை மாற்றி, எல்லாக் கருவிகளிலும் மீண்டும் இட நேரிடும். நடைமுறையில் எவரும் இதனைச் செய்வதில்லை. 802.1எக்ஸ் சீர்தரப்படி, ரேடியஸ் வழங்கியின் துணையுடன் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயரோ சான்றிதழோ வழங்கினால், விலகியவரின் கணக்கை மட்டும் நீக்கிவிடலாம்.